இசட் டிரைவுக்குப் பொட்டு வைத்த மருமகள்

கல்யாணமான புதிதில் ஒரு பெண் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டக் கூடாது. காட்டினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேட்காதவர்களும் படிக்கலாம். எங்கள் வீட்டில் கேட்காதவர்களுக்கும் இந்தக் கதையைச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். கேஸ் சிலிண்டர் போடுபவருக்குக்கூடத் தெரியும். அவர்கள் சொல்கிற கதையில் நான் ஒரு கோமாளி. நான் சொல்லப்போகிற கதையிலும் கோமாளிதான், ஆனால் மேடையில் நான் மட்டும் இல்லை.

திட்டக்குடியிலிருந்து விருத்தாசலத்துக்கு நான் மருமகளாக வந்தபோது என் அப்பா பீரோ, கட்டில், கிரைண்டரோடு ஒரு புதுக் கம்ப்யூட்டரையும் சீராக வைத்தார். பெண் படித்த படிப்பு வீணாகிவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அதற்கு மேல் நெட்வொர்க்கிங்கில் ஒரு டிப்ளமோ வேறு. (சர்டிபிகேட்டை ஃபிரேம் போட்டு எடுத்து வந்திருந்தேன். மாட்டுவதற்கு ஆணி கிடைக்கவில்லை என்றார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை.) கம்ப்யூட்டர் வந்த அன்றே மாடியில் எங்கள் அறைக்குப் போனது. ஒரு வாரத்துக்குள் எல்லோர் வாயிலும் அது 'அவன் கம்ப்யூட்டரு' ஆகிவிட்டது. அவன் என்றால் என் கணவர்.

மாமனாருக்குச் செராமிக் யூனிட். கொலு பொம்மை, விளக்கு, பூஜாடி எல்லாம் செய்வார்கள். சூளை தொழிற்பேட்டையில் இருந்தது, ஆபீஸ் எங்கள் வீட்டு முன்னறையில். அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்தது. மாமனார் ஒற்றை விரலால் பில் அடிப்பார். ஓர் எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வந்தவர் டீ குடித்து முடித்துவிடுவார். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டு அந்த விரலையே பார்ப்பேன். அவர் உட்கார்ந்திருந்த அந்த நாற்காலி எனக்கு வேண்டும். நகை வேண்டாம், புடவை வேண்டாம், காலையில் பத்து மணிக்கு அந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டும். வேறெந்த ஆசையும் அப்போது எனக்கு இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. சூளையிலிருந்து இறக்கிய சரக்கு வைக்கோல் சுற்றி உடனே லாரியில் ஏறிவிடும். வாங்க வருகிறவருக்குக் காட்ட வீட்டில் மாதிரி இருக்காது. அதனால் நான் வீட்டில் இருந்த ஒரே டிஜிட்டல் கேமராவை எடுத்துக்கொண்டு, சூளை இறக்கும்போதெல்லாம் போய் ஒவ்வொரு பொம்மையையும் படம் எடுத்துவந்தேன். படங்களெல்லாம் மாடிக் கம்ப்யூட்டரில். கீழே உள்ள பழசின் வயிற்றில் அவ்வளவு படம் தாங்காது.

அப்போதுதான் என் டிப்ளமோ விழித்துக்கொண்டது. ஒரு ஹப் வாங்கச் சொன்னேன். ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து மாடிக்கு நீல ஒயர் ஒன்று, தண்ணீர்க் குழாயோடு குழாயாக ஏறி எங்கள் ஜன்னல் வழியாக உள்ளே போனது. மாடிக் கம்ப்யூட்டரில் படங்கள் இருந்த ஃபோல்டரை 'ஷேர்' செய்தேன். கீழே இருந்த கம்ப்யூட்டரில் அதே ஃபோல்டரை இசட் டிரைவ் என்று பெயர் வைத்துத் தெரியும்படி செய்தேன். இருப்பது மாடியில், திறப்பது கீழே. விஷயம் அவ்வளவுதான். ஆனால் இசட்டைத் தட்டியதும் வரிசையாகப் பொம்மைகள் வந்து நின்றபோது மாமனார் எழுந்தே நின்றுவிட்டார்.

“மாடில இருக்குறது இங்க தெரியுது பாரேன்! ஏம்மா, விஜயதசமி அன்னைக்கி பெங்களூரு பார்ட்டி வராரு. அவருக்கு நீயே இதுல காட்டு. நல்லபடியா முடிஞ்சா அன்னையிலேருந்து இந்தக் கம்ப்யூட்டரு உன் பொறுப்பு. நல்ல நாளு வேற.”

அன்று இரவு நான் சாப்பிட்டேனா என்பதுகூட ஞாபகம் இல்லை. அந்த நாற்காலிக்கு என்ன நிறத்தில் துண்டு விரிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூஜை. செராமிக் ஊரில் அது எப்படி நடக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. சூளைக் கதவு, மண் அரைக்கும் மில்லு, அச்சு, தராசு, ஸ்கூட்டர், சைக்கிள் பம்பு வரை எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்க வேண்டும். புது மருமகள் கையால் வைப்பதுதான் விசேஷம் என்று அத்தை சொல்லிவிட்டார். நான் ஒரு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு காலையிலிருந்து பொட்டு வைத்தேன். முன்னறைக்கு வந்தபோது முதுகு உடைந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று.

“அந்தப் பொட்டிய விட்டுட்ட பாரு. அதான மேலயும் கீழயும் சேத்து வச்சிருக்குது? அதுக்கும் வையி,” என்றார் அத்தை.

நான் நெட்வொர்க்கிங் டிப்ளமோ படித்தவள். மின்சாரம் ஓடும் பெட்டிக்கு ஈரச் சந்தனம் ஆகாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயபக்தியோடு ஹப்பின் தலையில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன். அத்தை வாசனைக்காகப் பன்னீரைத் தாராளமாக விட்டிருந்ததால் சந்தனம் கொஞ்சம் வழிந்தது. ஒரு துளி முன்பக்கமாக இறங்கி ஒரு காலி ஓட்டைக்குள் போனது. துடைக்கக் கூடாது, மங்கலம் போய்விடும் என்றார். துடைக்கவில்லை. பூஜை வைத்த எதையும் மறுநாள் காலை வரை தொடவும் கூடாது. தொடவில்லை.

மறுநாள் பெங்களூரு பார்ட்டி வந்தார். தங்க ஃபிரேம் கண்ணாடி, கையில் தோல் பை. பெரியவர், பூர்வீகம் வேப்பூர் பக்கம் என்பதால் எங்களைவிட நன்றாகவே நம்ம ஊர்த் தமிழ் பேசினார். மாமனார் அவருக்கு எதிரே உட்கார்ந்தார். கணவரும் கொழுந்தனும் கைகட்டி ஓரமாக நின்றார்கள். நான் பட்டுப்புடவையோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அது ஒரு முறைதான் நடந்தது.

இசட் டிரைவின் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி.

தட்டினேன். திறக்கவில்லை. இன்னொரு முறை தட்டினேன். அப்படி ஒரு பெயரே நெட்வொர்க்கில் இல்லை என்றது. சிரித்தபடியே வியர்ப்பது எப்படி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

“ஒண்ணுமில்ல மாமா, ஒரு நிமிஷம்,” என்று சொல்லிவிட்டு டிப்ளமோவில் சொல்லிக்கொடுத்தபடி ஆரம்பித்தேன். முதலில் ‘பிங்’. கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்தால், மேலே உள்ள கம்ப்யூட்டரிடம் 'இருக்கிறாயா?' என்று கேட்கும். அதற்குக் காது கேட்டால் 'இருக்கிறேன்' என்று பதில் வரும். வந்தது. வரிசையாக, அழகாக, பதில் மேல் பதில். அப்படியென்றால் ஒயர் நன்றாக இருக்கிறது, ஹப் நன்றாக இருக்கிறது, மாடிக் கம்ப்யூட்டரும் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்து, மாடிக் கம்ப்யூட்டரில் என்னென்ன ஷேர் ஆகியிருக்கிறது என்று பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

“ஃபோல்டரக் காணோம் மாமா,” என்றேன்.

“காணோமா?” மாமனார் நிமிர்ந்தார். “அஞ்சு பேரு இருக்குற வூட்டுல ஃபோல்டரு எங்கம்மா போவும்? யாரு எடுத்தது?”

“எடுக்கல மாமா. மேலதான் இருக்கும், இங்க தெரியல. நான் போயிப் பாத்துட்டு வந்துடறேன்.”

“நீ எழுந்துக்காத, அவரு உக்காந்திருக்காருல்ல. டேய், நீ போயிப் பாரு.”

கணவர் போனார். மாடிப்படியில் அவர் ஏறுகிற சத்தம், கதவு திறக்கிற சத்தம், பிறகு ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்தார்.

“என்னாங்க, ஃபோல்டர் ஷேர்ல இருக்குதா?”

“எல்லாம் அப்படியேதான் இருக்குது,” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் பெங்களூருக்காரரின் தோல் பையைப் பார்த்துச் சொன்னார்.

நான் அவரை நம்பினேன். (கல்யாணமாகி அப்போது நான்கு மாதம்கூட ஆகவில்லை, நம்பாமல் என்ன செய்வது?) கம்ப்யூட்டர் சொன்னதை நம்பாமல் புருஷன் சொன்னதை நம்பியதுதான் நான் செய்த பெரிய தப்பு. மேலே எல்லாம் சரி என்றால் கோளாறு கீழேதான் என்று முடிவு கட்டி, கீழே இருந்த ஒவ்வொன்றையும் பிடுங்க ஆரம்பித்தேன். இசட்டை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். வெளியாள் நுழையாமல் காவல் காக்கும் ஃபயர்வாலை நிறுத்தினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அது எழுந்து வருவதற்குள் பெங்களூருக்காரருக்கு அத்தை இரண்டாவது காபி கொண்டுவந்தார். கடைசியில், வீட்டுக்குக் கதவு எண் இருப்பதுபோல ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் இருக்கிற எண்ணை, கீழே இருந்த கம்ப்யூட்டரில் மாற்றினேன். மனப்பாடமாக இருந்த எண்ணை அடித்தேன். அது எங்கள் இன்ஸ்டிட்யூட் லேபில் இருந்த கம்ப்யூட்டரின் எண். படித்ததெல்லாம் சமயத்தில் கைகொடுக்கும் என்பார்கள், எனக்கு நன்றாகவே கொடுத்தது.

“என்னா தங்கச்சி, பொம்மைங்க இன்னும் தூங்குதா?” என்றார் பெங்களூருக்காரர். கேலியாகச் சொல்லவில்லை, பாவம் பார்த்துத்தான் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அப்போது பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படித்துக்கொண்டிருந்த கொழுந்தன் ஹப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

“அண்ணி! ஓட்டைக்குள்ள சந்தனம்!”

அறையில் எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். பெங்களூருக்காரர்கூடக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு பார்த்தார்.

“அது காலி ஓட்ட. அதுல ஒயரே இல்ல,” என்றேன்.

“ஒயரே இல்லாத ஓட்டைக்கு எதுக்கும்மா பொட்டு வச்ச?” என்றார் மாமனார்.

“இல்ல மாமா, ஒயரு நல்லாதான் இருக்குது. பிங் வருது மாமா, இருங்க காட்டறேன்.” திரையை அவர் பக்கம் திருப்பி, கட்டளையை அடித்துவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருப்பவள்போல நின்றேன். பதில் வரவில்லை. ஒரு வரி, இரண்டு வரி, எதற்கும் பதில் இல்லை. கதவு எண்ணை வேறு ஊருக்கு மாற்றிவிட்டேன் அல்லவா, எப்படி வரும்? அதைப் புரிந்துகொண்டபோது யாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. முதலில் சிரித்தவர் அத்தை. பிறகு கொழுந்தன். பிறகு பெங்களூருக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாமனார் கடைசியாகச் சிரித்தார். என் கணவரும் சிரித்தார்.

“எழுந்துக்கம்மா,” என்றார் மாமனார். எழுந்தேன்.

ஆர்டர் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? கிடைத்துவிட்டது. பெங்களூருக்காரர் ஷோகேஸில் இருந்த ஒரு பூஜாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதே பளபளப்பு வந்தால் போதும், படமெல்லாம் எதற்கு என்று சொல்லிவிட்டார். யூனிட்டுக்கு நஷ்டம் இல்லை. யாருக்கும் நஷ்டம் இல்லை. நான் சமையலறைக்குப் போய் மிச்சமிருந்த சுண்டலை வேறு பாத்திரத்துக்கு மாற்றினேன். பாதி தரையில் கொட்டியது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

சாயங்காலம் மாடிக்குப் போனபோது தெரிந்துவிட்டது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்தால், ஃபோல்டருக்குக் கீழே ஒரு கை அதைத் தாங்கிப் பிடித்திருப்பதுபோல் படம் வரும். எங்கள் ஃபோல்டருக்குக் கீழே கையைக் காணோம். தானாக அது போகாது. ஒருவர் உட்கார்ந்து, வலது பக்கம் தட்டி, 'ஷேர் செய்யாதே' என்று சொல்லி, ஓகே கொடுத்தால்தான் போகும்.

கணவர் கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்களா எடுத்தீங்க?”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

“என்னாங்க, உங்களத்தான் கேக்கறேன்.”

“நேத்து காலைல,” என்றார்.

“எதுக்கு?”

எழுந்து உட்கார்ந்து, கதவைச் சாத்திவிட்டு, ஃபோல்டரின் அடியில் போய் ஒரு படத்தைத் திறந்து காட்டினார். பாண்டிச்சேரி கடற்கரை. வெள்ளைக்காரத் தொப்பி ஒன்றைக் கோணலாக வைத்துக்கொண்டு, கையில் பீர் பாட்டிலோடு என் கணவர். பக்கத்தில் நண்பர்கள். அதேபோல் ஏகப்பட்ட படங்கள். சூளைக்குச் சாமான் வாங்கத் திருச்சிக்குப் போகிறேன் என்று மாமனாரிடம் சொல்லிவிட்டுப் போன அதே நாள். மாமனார் பீடா கூடப் போடாதவர். ஒரே கேமரா என்பதால் என் கணவர் இந்தப் படங்களையும் பொம்மைகளோடு பொம்மைகளாக அதே ஃபோல்டரில் கொட்டிவைத்திருந்தார்.

“நீ இசட்டுல ஒவ்வொண்ணா தள்ளிக்கினே போவ. அப்பா பாத்தாருன்னா? கொன்னுடுவாரு.”

“எங்கிட்ட சொல்லியிருந்தா வேற எடத்துல மாத்திக் குடுத்திருப்பேன்ல? இல்ல, இன்னைக்கி மேல வந்தப்பவாவது அழிச்சிட்டுத் திரும்ப ஷேர் பண்ணியிருக்கலாம்ல?”

படத்தை இன்னொரு தரம் பார்த்தார். “அழிக்க மனசு வரல,” என்றார். “நல்லா வந்திருக்குதுல்ல?”

கீழே நான் எல்லோர் முன்னாலும் வியர்த்துக்கொண்டிருந்தபோது மேலே ஒரு மனிதர் இந்தத் தொப்பிப் படத்தை அழிக்கலாமா வேண்டாமா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று முடிவுசெய்து இறங்கி வந்திருக்கிறார். நான் அந்த நாற்காலியைக் கேட்டேன், அவர் அந்தப் பாட்டிலைக் காப்பாற்றினார். அப்போதே கீழே போய்ச் சொல்லியிருக்கலாம். எழுந்தும் விட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏய், இரு. தலதீபாவளிக்கு உங்க வூட்டுக்குப் போவணும்ல. இந்த நேரத்துல சண்ட வேணாம். தீபாவளி முடிஞ்சதும் நானே அப்பாகிட்ட சொல்லிடுறேன். சத்தியமா.”

தலைதீபாவளிக்குத் திட்டக்குடி போனோம். இவர் மாப்பிள்ளை மோதிரம் வாங்கிக்கொண்டார். அப்பா, கம்ப்யூட்டர் எப்படி ஓடுகிறது என்று கேட்டார். நன்றாக ஓடுகிறது என்று இரண்டு பேரும் சொன்னோம்.

திரும்பி வந்தபோது முன்னறையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படங்களையெல்லாம் சிடியில் போட்டுக் கொடுத்துவிடுவார், பில்லும் அவரே அடிப்பார். ஹப்பும் நீல ஒயரும் பரணுக்குப் போயின. மாமனார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். தலையைத் தடவிக்கொடுக்காத குறையாக, “உனக்கு எதுக்கும்மா இந்தத் தலவலியெல்லாம்? வூட்டப் பாத்துக்க, போதும்,” என்றார். அவ்வளவு அன்பாகச் சொன்னதை எப்படி எதிர்ப்பது?

அதன் பிறகு ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் என் சந்தனக் கிண்ணத்தைப் பார்த்துக் கொழுந்தன், “அண்ணி, டிவி ஓடிக்கினு இருக்குது, பொட்டு வச்சிடாதீங்க,” என்பான். கரண்ட் போனால் நான் டிரான்ஸ்பார்மருக்குப் பொட்டு வைத்துவிட்டேன். செல்போனில் டவர் கிடைக்காவிட்டால் டவருக்கு வைத்துவிட்டேன். நானும் சிரிப்பேன். தீபாவளி முடிந்தது, பொங்கல் முடிந்தது, எனக்கு இரண்டு பிரசவம் முடிந்தது, இவர் சொல்லவில்லை. கேட்டால் 'நேரம் பாத்து' என்பார். எந்த நேரம் என்று நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

அந்த நேரம் ஒரு நாள் வந்தது. கொழுந்தன் கல்யாணத்துக்காகப் பழைய படங்களையெல்லாம் யாரோ தேடி எடுத்து லேப்டாப்பில் ஓட விட்டார்கள். வீடு நிறைய சொந்தக்காரர்கள். பொம்மை, பொம்மை, பூஜாடி, சட்டென்று பாண்டிச்சேரி. கோணல் தொப்பி, பீர் பாட்டில், திரை நிறைய. மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

“தொப்பி உனக்கு நல்லா இருக்குதுடா,” என்றார். அவ்வளவுதான். அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள்.

இதற்காகவா? எனக்கு அங்கேயே கத்த வேண்டும்போல் இருந்தது. கூட்டம் கலைந்ததும் இவரைத் தனியாகப் பிடித்தேன். “அதான் மாமா பாத்துட்டாரே. ஒண்ணுஞ் சொல்லல. இப்பவாவது சொல்லுங்க.”

“என்னாத்த?” என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

மறுநாள் பந்தியில் புது மருமகளின் வீட்டாருக்கு இவர்தான் அந்தக் கதையைச் சொன்னார். மற்றவர்களைவிட இவர் நன்றாகச் சொல்வார். நான் எப்படிப் பொட்டு வைத்தேன், எப்படித் திரையைத் திருப்பிக் காட்டினேன் என்று எழுந்து நின்று நடித்தே காட்டினார். சாம்பார் வாளியோடு வந்தவர்கூட நின்று கேட்டார். “நான் தடதடன்னு மாடிக்கு ஓடிப் போயிப் பாத்தேங்க,” என்றார் இவர், நெஞ்சில் கையை வைத்து. “மேல எல்லாம் பக்காவா இருந்துது. கீழதான் இவ சந்தனத்த அப்பி வச்சிருந்தா.”

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, “இல்லியா?” என்று அன்பாகக் கேட்டார்.